யோகியின் மேல்விலாசம்

சென்ற தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரண்மேல் இருந்த ஒரு தகரப் பெட்டி பல வருஷங்களுக்குப் பிறகு கீழே இறங்கிற்று. என் தாய்வழிப் பாட்டனாருடைய பெட்டி அது. உள்ளே இரண்டு மூக்குக்கண்ணாடிக் கூடுகள், ஒரு பஞ்சாங்கக் கட்டு, கரையான் பாதி படித்து முடித்திருந்த சில கணக்குப் புஸ்தகங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்புக் காகித உறை போட்ட ஓர் ஆங்கிலப் புஸ்தகம். தமிழில் சொன்னால் 'சுவாச சாஸ்திரம்' என்று அதற்குப் பெயர். ஆசிரியர் பெயர் யோகி ராமசரகர்.

முதல் பக்கத்தில் பாட்டனார் பென்ஸிலால் 'ஸ்ரீ குருப்யோ நம:' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'மூர் மார்க்கெட், 1938' என்று ஒரு குறிப்பு. 1985-ல் தீக்கிரையாகிப்போன அந்த மார்க்கெட்டின் பழைய புஸ்தகக் கடைகளில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குருநாதர்கள் கிடைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தவர் இவர்.

என் தாயார் புஸ்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் தாத்தாவுக்கு வாலிபத்தில் பொல்லாத இழுப்பு. இந்தப் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் மூச்சுப் பழகினார். எண்பது வயது வரையில் விடியற்காலை நாலரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் ராமசரக சுவாமிகள் போட்ட பிச்சை என்று சொல்லுவார்" என்றாள். இழுப்பு விலகியது புஸ்தகத்தினாலா, வயது ஏறியதாலா, கிராமத்துக் காற்றினாலா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பாட்டனார் சொன்ன தீர்ப்பு இது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பெண் சும்மா இருப்பாளா? "அப்பா! இந்தச் சுவாமிகளுடைய ஆசிரமம் எங்கே இருக்கிறது? பாட்டியை அழைத்துக்கொண்டு ஒரு தடவை போய் வரலாமே!" என்றாள். தாயாருடைய முகம் மலர்ந்துவிட்டது. சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன தூண்டுதல் வேண்டும்? ஆசிரமத்தின் மேல்விலாசத்தைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது பிசகு என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

மேல்விலாசம் கண்டுபிடிப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. புஸ்தகத்தின் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது: யோகி பப்ளிகேஷன் சொஸைட்டி, மேஸானிக் டெம்பிள், சிகாகோ. 'டெம்பிள்' என்றதும் கோபுரத்தையும் திருக்குளத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அது 1892-ல் கட்டிய 21 மாடிக் கட்டடம். சிகாகோ நகரத்தின் நடுவில், கடைகளும் ஆபீஸ்களும் நிறைந்து, ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இடம். 1939-ல் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பாட்டனார் 1938-ல் புஸ்தகத்தை வாங்கினார். மறு வருஷமே ஆசிரமம் தரைமட்டமாகிவிட்டது!

ஆசிரமத்தின் கதி இது. யோகியின் கதி அதைக் காட்டிலும் விசித்திரமானது. யோகி ராமசரகர் என்று ஒருவர் இந்தியாவில் இருந்ததற்கு அத்தாட்சியே கிடையாது. அந்தப் பெயரில் எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்க வக்கீல்.

அட்கின்சன் 1862-ஆம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி மேரிலாந்து மாகாணத்துப் பால்டிமோர் நகரத்தில் பிறந்தார். 15 வயதில் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1889-ல் விவாகம் ஆயிற்று. வியாபாரத்தில் இருந்துகொண்டே சட்டம் படித்து, 1894-ல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். நம்மில் பலருடைய ஜாதகத்தைப் போலவே இதுவரை சாதாரணமாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல்தான் சோதனை வந்தது. உழைப்பின் பளுவினால் தேகம் தளர்ந்தது, மனம் ஒடிந்தது, கையில் இருந்த பணமும் போயிற்று.

அப்படி விழுந்து கிடந்த மனிதரைத் தூக்கி நிறுத்தியது, அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்த 'புதுச் சிந்தனை' என்னும் இயக்கம். மெய்ன் மாகாணத்துக் கடிகாரத் தொழிலாளியான பினியாஸ் க்விம்பி (1802–1866) என்பவர் மனத்தைத் திருத்தினால் நோய் தீரும் என்று சொல்லிச் சிகிச்சை செய்துவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை விரித்து ஒரு தத்துவமாக்கினார்கள். எண்ணமே சக்தி, எண்ணத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்பது அதன் சாரம். அட்கின்சன் தம்முடைய ஆரோக்கியத்தையும் தைரியத்தையும் திரும்பப் பெற்றது இதனால்தான் என்று நம்பினார். பிறகு சிகாகோவில் குடியேறி, 1901 முதல் 1905 வரையில் 'நியூ தாட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1903-ல் இலினாய் மாகாணத்திலும் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

அதே 1903-ல்தான் யோகி ராமசரகரும் அவதாரம் செய்தார். யோக தத்துவத்தைப் பற்றிப் பதினான்கு பாடங்கள் மாதம் ஒன்றாக வெளிவந்தன. சுவாச சாஸ்திரம், ஹத யோகம், ராஜ யோகம், ஞான யோகம் என்று சில வருஷங்களுக்குள் ஒரு வரிசையே கிளம்பிவிட்டது. லண்டனில் பௌலர் கம்பெனியார் அவற்றை விற்றார்கள். அங்கிருந்து கப்பலேறி நம் ஊருக்கும் வந்து சேர்ந்தன.

ஏன் ஒரு வக்கீல் காவி உடுத்திக்கொள்ள வேண்டும்? சிகாகோ என்றதுமே நமக்கு 1893-ஆம் வருஷம் ஞாபகம் வருகிறது. சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் பேசிய ஊர் அது. 1896-ல் அவருடைய ராஜ யோகப் பிரசங்கங்கள் புஸ்தகமாக வெளிவந்தன. 1875-ல் நியூயார்க்கில் தோன்றி 1882-ல் நம் அடையாற்றுக்குக் குடிவந்த பிரம்மஞான சங்கமும் கீழ்நாட்டு ஞானத்தைப் பற்றி அமெரிக்கர்களுக்குப் பெரிய ஆவலை உண்டாக்கியிருந்தது. யோகம் சொல்லுகிறவர் அட்கின்சன் என்றால் யார் கேட்பார்கள்? யோகி என்றால் கேட்பார்கள்.

பின்னாளில் இதற்கு ஒரு தல புராணமும் ஏற்பட்டது. ராமசரகர் என்ற மகான் 1799-ல் இந்தியாவில் பிறந்து, சகல சாஸ்திரங்களையும் ஆராய்ந்து, 1893-ல் காலமானார் என்றும், அவருடைய சீடர் பாபா பாரதர் என்பவர் சிகாகோவுக்கு வந்து அட்கின்சனோடு சேர்ந்து இப்புஸ்தகங்களை எழுதினார் என்றும் ஒரு கதை. மகான் சரியாகச் சர்வமத சபை கூடிய வருஷத்தில் பரலோகம் சென்றது கதை கட்டியவருடைய சாமர்த்தியத்துக்கு அடையாளம். ஆதாரம் மட்டும் ஒன்றும் இல்லை.

வக்கீலுக்கு ஒரு வேஷம் போதவில்லை. பாரிஸ் நகரத்தில் ஆகர்ஷண சக்தி போதிக்கிற பேராசிரியர் போல 'தெரான் க்யூ. டூமாண்ட்' என்ற பெயரில் எழுதினார். 'சுவாமி பக்த விசிதா' என்ற பெயரில் ஆவிகளோடு பேசுவதைப் பற்றி எழுதினார். ஞான திருஷ்டியைப் பற்றி எழுதியபோது 'சுவாமி பஞ்சதசி' ஆனார். இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் சிரித்துவிடுவார்கள். பஞ்சதசி என்றால் பதினைந்து. பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யர் பதினைந்து பிரகரணங்களாக எழுதிய அத்வைத நூலின் பெயர் அது. ஒரு வெள்ளைக்காரர் தமக்கு 'ஸ்ரீமான் திருக்குறள்' என்று பெயர் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

1908-ல் 'கிபாலியன்' என்ற ஒரு புஸ்தகம் 'மூன்று தீட்சை பெற்றவர்கள்' என்ற கையொப்பத்தோடு வந்தது. எகிப்து தேசத்து ஹெர்மிஸ் முனிவரின் இரகசிய உபதேசம் என்று அதற்கு விளம்பரம். உலகமே மனோமயம், எல்லாம் அதிர்வு, எதற்கும் இரு துருவங்கள் உண்டு என்பது போன்ற ஏழு தத்துவங்களை அது விவரிக்கிறது. இன்றும் உலகமெங்கும் விற்பனையாகிறது. மூன்று பேர் யார் என்று நூறு வருஷம் ஜனங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2011-ல் பிலிப் டெஸ்லிப் என்ற ஆராய்ச்சியாளர் அந்நூலைப் பதிப்பித்தபோது, மூவரும் நம் வக்கீல் ஒருவரே என்று சான்றுகளோடு எடுத்துக் காட்டினார். மும்மூர்த்திகளும் ஒருவரே என்பது நமக்குப் புதிய சித்தாந்தம் அல்லவே!

இப்படி ஏறக்குறைய நூறு புஸ்தகங்கள் எழுதிய அட்கின்சன், 1932-ஆம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் காலமானார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு புஸ்தகத்தை மறுபடியும் எடுத்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவனைப் போல வரிவரியாகப் படித்தேன். கோபத்தோடு ஆரம்பித்தேன். கோபம் முழுவதும் நிலைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயினால் மூச்சு விடாதே, மூக்கினால் விடு என்று தொடங்குகிறார். மார்பின் மேற்பகுதியால் மட்டும் விடும் மூச்சு, நடுப்பகுதியால் விடும் மூச்சு, வயிறு அசைய விடும் மூச்சு, மூன்றும் சேர்ந்த பூரண மூச்சு என்று பிரித்து, குழந்தைக்கும் விளங்கும்படி சொல்லுகிறார். எழுதத் தெரிந்த மனிதர். சொல்லிக் கொடுக்கத் தெரிந்த மனிதர். வாத்தியார் தொழிலில் இருக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

பிறகு ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. தாளத்தோடு மூச்சு விடுவதற்கு அவர் சொல்லும் கணக்கு அது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஆறு துடிப்பு வரையில் மூச்சை இழுக்க வேண்டும். மூன்று துடிப்பு நிறுத்த வேண்டும். ஆறு துடிப்பில் வெளியே விட வேண்டும். மூன்று துடிப்பு சும்மா இருக்க வேண்டும். நம்முடைய பெரியோர்கள் வகுத்த கணக்கு வேறு. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்லுகிறது. அங்கே பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, ரேசகத்துக்கு 32 மாத்திரை. சிகாகோ யோகியின் கணக்கு அதன் நிழல்கூட அல்ல. அவசரக்கார ஊருக்கு ஏற்ற இலேசான கணக்கு. அவருடைய ஹத யோகப் புஸ்தகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதில் ஆசனங்கள் அநேகமாக இல்லை. நன்றாக மென்று தின்பது, தண்ணீர் குடிப்பது, குளிப்பது, தூங்குவது, மேல்நாட்டுத் தேகப் பயிற்சி இவைதான் இருக்கின்றன. உடம்பை வளைத்து வேடிக்கை காட்டும் பக்கிரிகள் உண்மையான யோகிகள் அல்ல என்று ஒரு கண்டனமும் இருக்கிறது! போலிகளைப் பற்றி எச்சரிக்கை செய்ய அவரைவிடத் தகுதியானவர் யார்?

நல்லதைச் சொல்லியாயிற்று. கெட்டதையும் சொல்ல வேண்டும். 1906-ல் தம்முடைய சொந்தப் பெயரில் அட்கின்சன் எழுதிய புஸ்தகம் ஒன்று, எண்ணங்களின் ஆகர்ஷண விதியைப் பற்றியது. எதை எண்ணுகிறாயோ அது உன்னை வந்து சேரும் என்பது அதன் போதனை. சரியாக நூறு வருஷம் கழித்து, 2006-ல், 'தி சீக்ரெட்' என்ற புஸ்தகம் அதே சரக்கைப் புதுக் காகிதத்தில் மடித்துக் கோடிக்கணக்கில் விற்றது. சோர்ந்தவனுக்கு 'எழுந்திரு' என்று சொல்லும் வரையில் இந்தப் போதனை மருந்துதான். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் விஷமாகிவிடுகிறது. வேண்டியதை எண்ணியவனுக்கு எல்லாம் கிடைக்கும் என்றால், கிடைக்காதவன் சரியாக எண்ணவில்லை என்றுதானே அர்த்தம்? பட்டினி கிடப்பவன் பட்டினியை எண்ணினான், நோயாளி நோயை எண்ணினான் என்று சொல்லிவிட்டு, உண்டவன் ஏப்பம் விட்டுக்கொண்டு போகலாம். என் வகுப்பில் காலை ஆகாரம் இல்லாமல் வருகிற பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஆகாரத்தைத் தவிர வேறு எதையும் எண்ணுவதில்லை.

இதைக் காட்டிலும் என் மனத்தை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. சிகாகோவில் ராமசரகருடைய யோகப் புஸ்தகங்கள் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1907-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில், மர ஆலைகளில் கூலி வேலை செய்த பஞ்சாபியர்களை ஒரு கும்பல் அடித்து ஊரைவிட்டே துரத்திற்று. 1917-ல் இந்தியர்கள் குடியேறக் கூடாது என்று சட்டம் வந்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்பவருடைய வழக்கில், இந்தியன் அமெரிக்கப் பிரஜையாக முடியாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புஸ்தகத்தின் அட்டையில் இந்தியப் பெயருக்கு வரவேற்பு. துறைமுகத்தில் இந்தியனுக்குக் கதவடைப்பு. இந்தச் சட்டங்களை அட்கின்சன் செய்யவில்லை. ஆனாலும் நம்முடைய பெயரை எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருந்தது, நம்மை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

நாம் மட்டும் என்ன செய்தோம்? இங்கேதான் எனக்கு வெட்கம். திருமந்திரத்தைத் தமிழிலேயே வாசிக்கக்கூடிய என் பாட்டனார், மூச்சு விடுவதற்குச் சிகாகோவிலிருந்து வந்த ஆங்கிலப் புஸ்தகத்தை நம்பினார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்துப் படிப்பு அப்படி. நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக்கூடச் சீசாவில் அடைத்து ஆங்கிலச் சீட்டு ஒட்டினால்தான் ஆரோக்கியம் என்று நினைக்கும்படி நம்மைப் பழக்கியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்தே 'கல்பகா' என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை மனோசக்தி வித்தைகளைப் பற்றி வெளிவந்துகொண்டிருந்தது என்றால், நம்மவர்களுக்கும் இந்த மோகம் எவ்வளவு இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தாயாரிடம் சொல்வதா, வேண்டாமா? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எழுபது வயதைத் தாண்டியவளுடைய பக்தியைக் கலைப்பானேன் என்று ஒரு பக்கம். காப்பியடித்த பையனைப் பெஞ்சின்மேல் நிற்க வைக்கும் வாத்தியார், தன் வீட்டில் பொய்யைப் பூஜையில் வைத்திருக்கலாமா என்று மற்றொரு பக்கம். என் பெண்ணோ தினம் இரண்டு வேளையும் "மேல்விலாசம் கிடைத்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரையும் உட்கார வைத்து, வக்கீல், 21 மாடி, சுவாமி பதினைந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தாயார் நெடுநேரம் பேசவில்லை. அவள் மனம் புண்பட்டது எனக்குத் தெரிந்தது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், ஆறு துடிப்பு, மூன்று துடிப்புக் கணக்கைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதற்காகத்தானா? தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாரே! தினமும் தமக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். கேட்கப் பயம். அறுபது வருஷமாக எனக்கு இது தெரியாது" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்த மனுஷன் பெயரைப் பொய்யாகச் சொன்னது தப்புத்தான். சொந்தப் பெயரில் சொல்லியிருந்தாலும் உன் தாத்தா கேட்டிருப்பார். மூச்சு விட்டது தாத்தாதானே? விடியற்காலை எழுந்ததும் அவர்தானே?" என்றாள்.

"அப்படியானால் முதல் பக்கத்தில் எழுதியிருப்பதை அழித்துவிடலாமா, பாட்டி?" என்று கேட்டாள் பெண்.

"தாத்தா எழுதியதை அழிக்க நீ யார்? உனக்குத் தெரிந்ததை நீ கீழே எழுது."

இப்பொழுது அந்தப் பக்கத்தில் பாட்டனாருடைய பென்ஸில் எழுத்துக்குக் கீழே என் பெண்ணின் எழுத்தும் இருக்கிறது: 'இதை எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன், வக்கீல், சிகாகோ, 1862–1932.' புஸ்தகத்தை மறுபடியும் பரணில் ஏற்றவில்லை. அலமாரியில், வருகிறவர்கள் கையில் எடுக்கும்படியான இடத்தில் வைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில் ஒரு திருமந்திரமும் வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் வாங்கியிருக்க வேண்டியதைக் கடைசியில் வாங்கியிருக்கிறேன்.

நேயர்கள் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய சுவாமிகள் யாராவது இருக்கக்கூடும். இறக்கிப் பாருங்கள். பயன் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மேல்விலாசத்தை மட்டும் ஒரு தரம் விசாரித்துவிடுங்கள்.